சிவப்பு நூல் கட்டிய துணி

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் என்னை அத்தை வீட்டுக்கு நாடு கடத்தியதற்குக் காரணம் ஒரு பாக்கெட் நூடுல்ஸ்.

அப்பாவும் அம்மாவும் கலெக்டர் ஆபீசில் வேறு வேறு மாடிகளில் வேலை பார்த்தார்கள். எங்கள் வீடு வேங்கிக்காலில், புதிதாக மனை போட்ட ஒரு நகரில். நகர் என்று பெயர்தான். எங்கள் தெருவில் மொத்தம் நான்கு வீடுகள், மீதியெல்லாம் கல் நட்ட காலி மனைகள். பள்ளி விட்டு வந்ததும் கழுத்தில் ஐ.டி. கார்டுக்குப் பின்னால் தொங்கும் சாவியை எடுத்துப் பூட்டைத் திறப்பேன். முதல் வேலையாக எல்லா அறையிலும் லைட்டைப் போடுவேன். இரண்டாவது வேலை டி.வி.யைச் சத்தமாக வைப்பது. என்ன ஓடுகிறது என்பது முக்கியமில்லை. சோப்பு விளம்பரமானாலும் சரி, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மணிக்கு அம்மா வரும்வரை அப்படித்தான் போகும்.

லீவு விட்ட மூன்றாம் நாள், அடுப்பில் நூடுல்ஸை வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். பாத்திரம் கரியாகி, புகை ஜன்னல் வழியாக வெளியே போய், எதிர்வீட்டுக்காரர் ஆபீசுக்கு போன் அடித்து, அப்பா போட்டது போட்டபடி ஓடிவந்து, ஒரே ரகளை. யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. அம்மா சமையலறைச் சுவரில் படிந்த கரியையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் அழுதாள். அன்று மாலையே தீர்ப்பு வந்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை நான் அத்தை வீட்டில் இருக்கவேண்டும். சனி, ஞாயிறு மட்டும் எங்கள் வீடு.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. சென்னையில் துணி வடிவமைப்பு படித்தவள். படிப்பு முடிந்து கல்யாணம் ஆனது. இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் இந்தக் கதையை இதற்கு மேல் சொல்லமாட்டார்கள். கல்யாணம் என்பது ஹாஸ்டல் மாதிரி, பிடிக்கவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தவள் எங்களோடு இருக்காமல் ஊரின் மறுகோடியில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். ஆரணியில் யாரோ விற்ற பழைய தறி ஒன்றைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிவந்து, அந்த அறையில் பூட்டி, நெய்ய ஆரம்பித்தாள். சுவரில் மாட்டும் துணிகள். "கட்டவும் ஆவாது, தொடைக்கவும் ஆவாது, அப்பிடி ஒரு துணி," என்று அப்பா சிரிப்பார். ஆனால் ஆபீசிலிருந்து யார் வந்தாலும் எங்கள் ஹாலில் மாட்டியிருந்த சின்னத் துணியைக் காட்டி, என் தங்கச்சி செஞ்சது என்று சொல்லாமல் விடமாட்டார்.

அறையின் முக்கால் பாகத்தைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் அத்தை இருந்தாள். முதல் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அத்தைக்கு உறைத்தது, அந்த வீட்டில் ஒரு தட்டுதான் இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம். தட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, குக்கர் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அது சரிப்படாமல், சோறு வடித்த பாத்திரத்திலேயே ரசத்தை ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்று சாப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்காதடி கலெக்டரம்மா, நாளைக்கி வாங்கிடலாம்," என்றாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் என்பதால் எனக்கு அவள் வைத்த பெயர் அது.

மறுநாள் தேரடி வீதியில் ஒரு பாத்திரக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தட்டை எடுத்ததும், பேர் வெட்டணுமா என்று கடைக்காரர் கேட்டார். எங்கள் வீட்டுத் தட்டுகளில் எல்லாம் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயர்தான் இருக்கும். யாரோ ஒரு மாமா மேல், யாரோ ஒரு சித்தப்பா மேல் சோறு போட்டுச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன். அத்தை என் முழுப் பெயரையும், இனிஷியலோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். கிர்ர்ரென்று மெஷின் ஓடியது. அன்று முழுக்க அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

நெய்யும்போது அத்தை பேசமாட்டாள். மிதிப்பாள், ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள், இழுத்து அடிப்பாள், மறுபடி மிதிப்பாள். அந்தச் சத்தத்துக்கு டி.வி. எவ்வளவோ மேல் என்று முதல் வாரம் நினைத்தேன். எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். பழைய புடவைகளை விரல் அகலத்துக்குக் கிழித்து உருட்டிவைக்க வேண்டும். அரை மணியில் அலுத்துவிடும். ஜன்னலுக்குப் போய்விடுவேன். ஆனால் மே மாத மதியத்தில் செங்கம் ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? வெயில் ஏறினால் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிப் போய்விடுவார்கள், பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஆட்டோவுக்கு அடியில் நாய் படுத்திருக்கும், ஆட்டோவுக்குள் டிரைவர் படுத்திருப்பார். இளநீர்க்காரர் குலைகளுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு எங்கோ போயிருப்பார். ரோடு மட்டும் வெளுத்துப்போய்க் கிடக்கும். ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் நடந்து வந்தால் நல்லது என்று காத்திருப்பேன்.

ஒரு நாள் அந்தக் காத்திருப்பு தாங்காமல், அத்தை கழிவறைக்குப் போன நேரத்தில் கீழே இறங்கி ரோட்டுக்கு நடுவில் போய் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தின் பழைய பச்சை பினஃபோரைப் போட்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. தார் சுட்டது. மாடியிலிருந்து அத்தை கத்திய கத்தலில் ஆட்டோ டிரைவர் எழுந்துவிட்டார்.

"லூசாடி நீ? நடு ரோட்ல யாராவது நிப்பாங்களா? லாரி வந்தா இன்னா ஆவறது?"

"லாரியே வரல அத்த. யாருமே வரல."

அத்தை இறங்கி வந்து என்னை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பாதங்களில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது, அந்த பினஃபோரை, "சின்னதாப் பூடுச்சில்ல, குடுத்துட்டுப் போ," என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

அப்போது தறியில் இருந்தது ஒரு பெரிய துணி. என் இரண்டு கையையும் விரித்தாலும் அகலம் எட்டாது. ஊரில் யார் படம் வரைந்தாலும், பொம்மை செய்தாலும் ஊருக்கு மேலே நிற்கும் மலையைத்தான் செய்வார்கள். அத்தை மட்டும் பிடிவாதமாக மலையை நெய்யமாட்டாள். "மலைய எல்லாருந்தான் விக்கிறாங்க. நா வேற கேக்கணுமா?" என்பாள். இந்தத் துணியில் கீழே கறுப்பாக ஒரு பட்டை ஓடியது. அப்பாவின் பழைய பேன்ட். அதற்கு மேல் முழுக்க முழுக்க வெள்ளையும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு நிறம். அப்பாவின் வேட்டி, அம்மாவின் நைந்த காட்டன் புடவை, சாயம் போடாத நூல். ஒன்றுமே இல்லாமல் இவ்வளவு இடத்தை வீணடிக்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. இது என்ன என்று கேட்டேன். வெயில் என்றாள். அடுத்த வாரம் நான் வந்தபோது அந்த வெயிலுக்கு நடுவில், கறுப்புப் பட்டைமேல், கட்டைவிரல் அளவில் பச்சையாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. என் பினஃபோர்.

"யாருன்னு தெரீதா?"

தெரிந்தது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பக்கத்தில் யாரையாவது நிற்கவைத்திருக்கலாம்.

நூல் அறுந்தால் அத்தை போடும் முடிச்சு ஒன்று உண்டு. நெய்கிறவர்கள் போடுவது. இரண்டு முனைகளையும் இரண்டு விரலுக்குள் விட்டு ஒரு திருப்பு திருப்பி இழுப்பாள், கடுகளவுக்கு உட்கார்ந்துகொள்ளும். மீதி நூலை ஒட்ட நறுக்கிவிடுவாள். எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. பார்க்கச் சின்ன விஷயம்; எனக்குச் செய்ய வரவில்லை. நான் போட்டால் ஒன்று உருவிக்கொண்டு வரும், இல்லையென்றால் உருண்டையாக வீங்கி நிற்கும். "பூசணிக்கா காய்ச்சிருக்குது," என்று அத்தை அதைக் கிள்ளி எறிவாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெட்டைச் சடைக்கு ரிப்பன் கட்டும் முடிச்சு. இரண்டு பக்கமும் காது வைத்த பூ மாதிரி முடிச்சு. மே மாதம் முழுக்க நூல் துண்டுகளை வைத்துக்கொண்டு முயன்றேன். வரவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அத்தையின் வீட்டு ஓனர், மாடியைத் தங்க வருகிறவர்களுக்கான அறைகளாக மாற்றப்போவதாகச் சொன்னார். அத்தை தொடர்ந்து இருப்பதானால் முழு வருட வாடகையையும் முன்பணமாகக் கொடுத்து எழுதிக்கொள்ள வேண்டும், ஜூனுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"தனியா எதுக்கும்மா அங்க கெடந்து கஷ்டப்படற? நம்ம மாடில ரூமு சும்மாதான இருக்குது. வந்துடு," என்றார் அப்பா.

"தறியப் போட முடியாதுண்ணா அந்த ரூம்ல."

அம்மா குறுக்கே வந்தாள். "தறி எங்கயும் போயிடாது. மொதல்ல நீ வாம்மா. ஒரு வேலைய வெட்டியப் பாத்துக்கலாம். இவளும் சாயங்காலம் தனியா இருக்க மாட்டா."

அத்தை சோற்றைப் பிசைந்தாள். பிறகு சொன்னாள். "ஒண்ணு பண்ணலாண்ணா. இந்தப் பெரிய துணி வித்துட்டா, அங்கியே இன்னும் ஒரு வருஷம் இருக்கேன். போவலன்னா உங்ககூட வந்துடறேன். அதுக்கப்புறம் நீயும் கேக்காத, நானும் பேசல."

அப்பா சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். பள்ளி விட்டு வரும்போது வீட்டுக்கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு அந்தத் துணி விற்கக்கூடாது. அத்தைக்கு அந்த மாடி அறையும் தறியும் என்ன என்பதை யோசிக்கும் வயதில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்கலாம். உண்மை என்னவென்றால், யோசிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் விற்பனை. அத்தை வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு கஃபே இருந்தது. லீவு முடிந்தால் கூட்டம் கம்மி என்பதால் இரண்டு மாதம் மூடிவிடுவார்கள். மூடுவதற்கு முன்னால் எட்டு நாளைக்குப் பின்பக்கத்துத் தோட்டத்தை இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு விட்டுவிடுவது கஃபே ஓனரின் வழக்கம். மண்பாண்டம் செய்கிற ஒருவர், படம் வரைகிற ஒருவர், சோப்பு காய்ச்சுகிற கணவன் மனைவி, அப்புறம் அத்தை. லீவுக்கு வருகிற பெங்களூர், சென்னைக்காரர்களை நம்பித்தான் கடை.

விற்பனைக்கு முந்தின நாள், மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அத்தை என் தட்டைத் துடைத்தவள் என் பெயரைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள்.

"ஸ்கூல் தொறந்தா இந்தத் தட்ட எடுத்துனு பூடுவியா?"

"பின்ன? எம் பேர்தானே இருக்குது," என்றேன்.

"ஆமா இல்ல," என்றாள். இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

கஃபே தோட்டத்தில் இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவில் கயிறு கட்டி, பெரிய துணியைத் தொங்கவிட்டாள். அதன் காலடியில் ஒரு பெஞ்சில் பைகள், மெத்தை உறைகள், சின்னச் சின்னச் சுவர்த் துணிகள். விற்றதை வாங்கியவர்கள் கடைசி நாள்தான் எடுத்துப் போகலாம். அதுவரை எல்லாம் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அதனால் விற்ற பொருளில் மற்றவர்கள் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். துணியில் பசை இறங்கினால் போகாது என்று அத்தை ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அதற்குப் பதில் துணியின் கீழ் மூலையில் ஒரு சிவப்பு நூலைக் கோர்த்துக் கட்டுவாள். என்னிடமும் சொல்லிவைத்தாள்.

"செவப்பு நூலு இருந்துச்சின்னா அது நம்மளுது இல்ல. வித்துடுச்சு. யாரு கேட்டாலும் சொல்லிடு."

முதல் நாளே இரண்டு பைகளும் ஒரு சின்னத் துணியும் போயின. ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டும்போது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வருகிறவர்கள் எல்லோரும் பெரிய துணிக்கு முன்னால்தான் நின்றார்கள்.

இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டை எடுத்துவர அத்தை வீட்டுக்குப் போனாள். சோப்புக்காரர்கள் குட்டித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நூல்கண்டு பெஞ்சில்தான் இருந்தது. பல்லால் கடித்து ஒரு முழம் எடுத்தேன். பெரிய துணியின் மூலையில் ஒரு இழைக்கு அடியில் அதை நுழைத்தேன். அத்தை போடுகிற முடிச்சைத்தான் போட வேண்டும் என்று மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் உருவிக்கொண்டு வந்தது. கடைசியில் ரிப்பன் முடிச்சைப் போட்டுவிட்டு, தண்ணீர்க் கேன் இருந்த பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை வருவதற்குள்ளேயே ஒரு பெங்களூர்க் குடும்பம் வந்தது. அந்த ஆள் துணிக்கு முன்னால் வந்து நின்றார், பின்னால் போய் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் மனைவி குனிந்து அந்தப் பச்சையைத் தொட்டாள். பிறகு அவர் மூலையைப் பார்த்தார். என்னைத் தேடிப்பிடித்து, "இது போயிடுச்சா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அடடா," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்த "அடடா" இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தை சாப்பாட்டோடு வந்து, "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டபோது யாரும் வரவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு நான் அந்த மூலையின் பக்கமே பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. தோட்டத்தில் எங்கே நடந்தாலும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். சோறு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தை மோர் வாங்கிக் கொடுத்தாள். மோரைக் குடிக்கக் குடிக்க அழுகை வந்தது.

நான்காம் நாள், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்தாள். வெயிலுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போகாத கொஞ்சம் பேரில் ஒருத்தி. முதல் நாளிலிருந்தே தினமும் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் துணிக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அன்றைக்கு எழுந்துபோய் மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை வந்து குனிந்தாள். மூலையை விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இப்போது திரும்பி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கூப்பிடவில்லை. கண்ணைத் திறந்தபோது, அத்தை என் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய இரண்டு தட்டுகளும் அதன்மேல் கவிழ்ந்திருந்தன. பிறகு அந்தப் பாட்டியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பாட்டி நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

நெய்யும்போது அத்தை போடும் கண்ணாடி அப்போது அவள் தலைமேல்தான் இருந்தது. கண்ணாடி இல்லாமல் நூலைப் பார்த்தால் அவளுக்கு என்ன தெரியும், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாதாரணமாக அவள் கையைப் பிடிக்கிறவள் இல்லை. விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

எட்டு நாளும் முடிந்தது. பைகள் போயின, உறைகள் போயின, சின்னத் துணிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. பெரிய துணியைக் கேட்டு யாரும் வரவில்லை. அத்தை அப்பாவுக்கு போன் போட்டாள். "அண்ணா, வண்டி சொல்லிடு," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டில் ஏழு வருடம் இருந்தாள். ஒரு தனியார் பள்ளியில் கைவேலை டீச்சராகச் சேர்ந்தாள். எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவாள். தெருமுனை திரும்பும்போதே கதவு திறந்திருப்பது தெரியும். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினேன். சத்தத்துக்காக டி.வி. போடுவதை விட்டேன். கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்தது. தறியின் மரங்களைக் கயிறு போட்டுக் கட்டி லாஃப்டில் ஏற்றினார்கள், அங்கேயே இருந்தது. பெரிய துணியை அப்பா ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டினார். தூசி தட்டும்போது அம்மா அந்தச் சிவப்பு நூலைக் கத்தரிக்கப் போனாள். அது அப்பிடியே இருக்கட்டும் அண்ணி என்று அத்தை சொல்லிவிட்டாள். சாப்பிடும்போது சில நாட்களில் மேசைக்கு அடியில் அத்தையின் கால்கள் மாறி மாறி எதையோ மிதிக்கும். "இன்னாம்மா, தையல் மிஷினா?" என்று அப்பா கேலி செய்வார். அத்தை காலை இழுத்துக்கொள்வாள். நானும் சிரிப்பேன். சிரித்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போது நான் சென்னையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். கிளம்பும்போது என் பெயர் வெட்டிய தட்டை அத்தைதான் பையில் வைத்து அனுப்பினாள். ஜன்னலோரம் நின்று சாப்பிட்டுவிட்டு, அந்தத் தட்டைக் கழுவி, கவிழ்த்து வைக்கிறேன். இன்னொரு தட்டு வாங்க வேண்டும் என்று அவ்வப்போது நினைப்பதோடு சரி. அத்தை எனக்காக வந்தாளா, ஒற்றைத் தட்டுக்குப் பயந்து வந்தாளா என்று கேட்க நினைத்த நாட்கள் உண்டு. போனை எடுப்பேன், வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

வண்டி வந்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். தறியைப் பிரித்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் மிச்சமிருந்த நூலை அத்தை உருண்டையாகச் சுற்றிக்கொண்டாள். அறை ஏகத்துக்குப் பெரிதாகிவிட்டது. அப்பாவும் டிரைவரும் மரங்களைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பக்கம் புடி," என்றாள் அத்தை. பெரிய துணியை மடிக்க ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். மடித்து மடித்து நெருங்கி வந்தபோது சிவப்பு நூல் இருந்த மூலை என் கைக்கு வந்தது. கட்டியதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

காது வைத்த ரிப்பன் முடிச்சைக் காணோம். கடுகளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. இறுக்கமாக, அசையாமல், இரண்டு முனையும் ஒட்ட நறுக்கி.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மாதம் முழுக்கத் தலைகீழாக நின்றும் வராத முடிச்சு, அன்றைக்கு அந்த அவசரத்தில் எனக்கே தெரியாமல் வந்துவிட்டிருக்கிறது என்று நினைத்தேன். மூன்று தடவை முயன்றேனே, அதில் ஒன்று அடியில் சரியாக விழுந்திருக்க, மேலே போட்ட ரிப்பன் முடிச்சுதான் அவிழ்ந்துவிட்டது போல. அத்த, பாத்தியா, எனக்கும் வந்துடுச்சு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். மூலையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்து மடித்தாள்.

இரண்டு தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வேங்கிக்கால் வரும்வரை என் விரல்களையே பெருமையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.